எட்டாவது வரை படித்தவள்

என் தையல் கடையில் சத்தம் போடுகிற மெஷின் இரண்டு உண்டு என்று என் மனைவி சொல்வாள். ஒன்று நான் மிதிக்கிறது, இன்னொன்று அவள். "அவரோட மெஷினுக்கு அப்பப்ப எண்ணெய் விடணும், எனக்கு அதுகூட வேணாம்" என்று கடைக்கு வருகிறவர்களிடம் அவளே பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அந்த வாய்க்குப் பக்கத்தில் முப்பது வருஷம் உட்கார்ந்து பாருங்கள், அப்புறம் சிரிப்பு வருகிறதா என்று சொல்லுங்கள்.

கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு படுக்கையறை அளவுதான். ஜன்னலோரம் என் மெஷின், நடுவில் துணி வெட்டுகிற மேஜை, மேஜைக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாற்காலி. வெட்டுவதும் தைப்பதும் நான். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஓரம் மடித்துக் கையால் தைப்பது எல்லாம் அவள். ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு அதை இறக்கும்போதுதான் நிற்கும். வாடிக்கையாளர்களுக்கு அவர்களைப் பெற்றவர்கள் ஆசையாசையாய்ப் பெயர் வைத்திருப்பார்கள், எங்கள் கடையில் அது செல்லாது. இடுப்பில் எப்போதும் "ரெண்டு விரல் விட்டுத் தைங்க" என்கிறவர் 'ரெண்டு விரல்'. இன்றைக்கே வேண்டும் என்று உயிரை வாங்கிவிட்டு, தைத்து முடித்ததை மாதக்கணக்கில் வாங்க வராத பெண்மணி 'அவசரம்'. சட்டையைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நகராமல் நிற்கிற இளைஞன் 'மாப்பிள்ளை'.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யார் பேசினாலும் குறுக்கே விழுந்துவிடுவேன். அவர்கள் பாதி சொல்லும்போதே மீதி எனக்குத் தெரிந்துவிட்ட மாதிரி இருக்கும், நாக்கு சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் அவள் ஏதோ ஒரு கதையை ரசித்து ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் புகுந்து முடிவைச் சொல்லிவிட்டேன். அவள் முறைத்தாள். "சரியான கத்திரி" என்றாள். அன்றிலிருந்து நான் கத்திரி. நாலு பேர் இருந்தால் "என்னங்க". யாரும் இல்லாதபோது, அதுவும் நான் குறுக்கே பேசினால் மட்டும், "கத்திரி". சொல்லும்போது 'த்' மேல் ஒரு அழுத்தம் கொடுப்பாள். அதில் பாதி திட்டு, பாதி வேறு ஏதோ. அந்த வேறு ஏதோவுக்காகவே நான் பல தடவை குறுக்கே பேசியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

இதில் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. எனக்கு அந்தப் பெயரை வைத்த பிறகு, மேஜைமேல் கிடக்கிற நிஜக் கத்திரியை அவளால் வாயால் சொல்ல முடியவில்லை. வெட்கம். கடையில் ஆள் இருக்கும்போது அதை எடுத்துத் தரச் சொல்ல வேண்டுமென்றால் "அதை எடுங்க" என்பாள். எதை என்று வேண்டுமென்றே கேட்பேன். "அதுதான்" என்று முறைப்பாள். எங்கள் கடையில் கத்திரிக்குப் பெயர் 'அது'.

அவளுக்குப் பக்கவாதம் வந்தது ஒரு காலை நேரத்தில். பட்டன் வைத்துக்கொண்டே 'அவசர'த்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் நான் டீ குடிக்கப் போயிருந்தபோது அவசரம் கடைக்கு வந்து ஏதோ சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லுமுன் இவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. "அவ என்ன சொன்னான்னா..." என்றாள். அப்புறம் சத்தமில்லை. நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். மேலே சொல்லவில்லையே என்று நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. சட்டை மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது.

அவள் சொல்லி நான் முடிவு தெரியாமல் விட்ட கதை அது ஒன்றுதான். அப்புறம் ஒரு நாள் அவசரத்திடமே கேட்டேன், அன்றைக்கு என் மனைவியிடம் என்ன சொன்னீர்கள் என்று. யோசித்துப் பார்த்துவிட்டு ஞாபகமில்லை என்றாள். ஞாபகம் இருந்தாலும் என்ன பிரயோஜனம், அதை என் மனைவி வாயால் கேட்க வேண்டுமே.

கையும் காலும் மெல்லத் தேறின. வலது கால் கொஞ்சம் இழுத்தது, அவ்வளவுதான். கை பட்டன் வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. வேணும், வேணாம், சரி, அது. இந்த நாலைந்தை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினாள், வேறு வார்த்தை எப்போதாவதுதான் தப்பி வரும். தண்ணீர் 'அது', போர்வை 'அது', மகளும் 'அது'. கடையில் என் மெஷின் ஓடுகிற சத்தம் எனக்கே பயமாக இருந்தது. அவள் பேச்சுக்கு அடியில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், இப்போது தனியாகக் கேட்டது. ஒரு நாளாவது வாயை மூடமாட்டாளா என்று ஏங்கியவன் நான். மூடிவிட்டாள். எனக்கு அழுகையாக வந்தது.

மகள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வெகு தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மொழிப்பாடம் நடத்துகிற டீச்சர் அவள். வந்தவள் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி, ஊசி, பிளேடு, கத்திரி. சொல்வது புரியாத ஆளை இதற்கு நடுவில் எப்படி உட்கார வைப்பீர்கள் என்று கேட்டாள். புரிகிறது என்றேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றாள். அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும், வீட்டில் மாமியார் பார்த்துக்கொள்வார் என்றும், நானும் கடையை மூடிவிட்டு வந்துவிடலாம் என்றும் சொன்னாள். அவள் சொன்னதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. மனைவியை அனுப்பிவிட்டு அந்த நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து தைக்கவும் என்னால் ஆகாது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சோதித்துப் பார்த்து, சொல்வது புரிகிறது, வார்த்தைகள் உள்ளே இருக்கின்றன என்று சொன்னால் அவள் என்னோடு. இல்லையென்றால் மகளோடு.

அந்தப் பயிற்சி அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். சின்ன அறை, சுவரில் வாயைத் திறந்து மூடுகிற படங்கள், நடுவில் ஒரு மேஜை. மேஜைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவர். பெயர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, அம்மா எதுவரை படித்திருக்கிறார் என்று கேட்டார்.

"எட்டாவது" என்றேன். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவியின் கை, பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது.

அவள் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எட்டாவது என்று சொல்லித்தான் எனக்குக் கட்டி வைத்தார்கள். முதல் மாதமே குட்டு வெளிப்பட்டது. சாயங்காலம் வர நேரமாகும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். "என்ன கையெழுத்து இது, கோழி கிளறின மாதிரி. என்னன்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்தேன், புரிந்துகொண்டேன். நான் கத்துக்கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தபோது அவளுக்கு வந்த கோபத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். எட்டு என்பதில் மட்டும் என்ன கணக்கு என்று பின்னால் ஒரு நாள் கேட்டேன். பத்தாவது என்றால் சர்டிபிகேட் கேட்பார்களாம், அஞ்சாவது என்றால் இளக்காரமாகப் பார்ப்பார்களாம். எட்டு என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மகளுக்குக்கூடத் தெரியாது. மகள் படிக்கிற காலத்தில் என் மனைவி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "சத்தமாப் படி, எனக்குக் கை வேலை இருக்கு, காதால கேட்டுக்கறேன்" என்பாள். மகள் படிப்பாள். அங்கங்கே இவள் காஜாவிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த இடத்தைத் திரும்பப் படி" என்பாள். மகள் திருப்பிப் பார்த்தால் அங்கே தப்பு இருக்கும். அம்மாவுக்குப் புத்தகமே மனப்பாடம் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறாள். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

பயிற்சி அம்மா ஆரம்பித்தார். 'ப' எழுத்தில் தொடங்குகிற வார்த்தைகளை எத்தனை முடியுமோ அத்தனை சொல்லுங்கள் என்றார். என் மனைவி அவரையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்து, 'கடல்' என்பதிலிருந்து முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேட்டார். இவள் நிரம்ப யோசித்து, "தண்ணி" என்றாள். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்புறம் அர்த்தமே இல்லாத சத்தங்களைச் சொல்வேன், அப்படியே திருப்பிச் சொன்னால் போதும் என்றார் அந்த அம்மா.

"தபில்லா."

"தப்பில்ல" என்றாள் என் மனைவி.

"வாசிலு."

"வாசல்."

அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே எழுதினார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை, நான் சொன்னாலும் அப்படித்தான் வரும் என்று நடுவில் ஏதோ உளறினேன். மகள் என் முழங்கையைத் தொட்டாள்.

கடைசியில் படங்கள். கறுப்புக் கோட்டால் வரைந்த சின்னச் சின்னப் படங்கள். பூட்டைப் பார்த்துப் பெட்டி என்றாள். சீப்பைப் பார்த்து வேலி என்றாள். அடுத்த அட்டையில் கத்திரி. வாய் திறந்த கத்திரி, ஒரு சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். என் மனைவி அதைப் பார்த்தாள். உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அது" என்றாள்.

"அதுன்னா என்னம்மா?"

"அதுதான்."

அந்த அம்மா மெதுவாகப் பேனாவை மூடினார். தையல்காரர் வீட்டில் இருப்பவருக்குக் கத்திரியின் பெயரே வரவில்லை என்றால் கொஞ்சம் கவலையான விஷயம்தான் என்றார். எட்டாவது படித்தவர்களுக்கு வர வேண்டிய மதிப்பெண்ணில் கால்வாசிகூட இல்லை. சொல்வதைப் புரிந்துகொள்வதிலேயே சிக்கல் இருக்கலாம். ஆனாலும் உடனே எழுதிவிட மனமில்லை, அடுத்த வாரம் இன்னொரு முறை பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றார். மகள் வெளியே வந்து, நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அவள் சொன்ன 'அது' எந்த அது? வெட்கப்பட்டு விழுங்குகிற பழைய அதுவா? தண்ணீருக்கும் போர்வைக்கும் சொல்கிற புது அதுவா? புது அது என்றால் அந்த வார்த்தை போய்விட்டது. அந்த வார்த்தையோடு நானும் போய்விட்டேன். மற்ற எல்லோருக்கும் நான் டெய்லர், அப்பா, சம்பந்தி. கத்திரி என்று ஒருவன் இருந்தது அவள் ஒருத்தியின் வாயில்தான்.

அந்த வாரம் முழுக்க மகள் அம்மாவின் துணிகளை மடித்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் இல்லாத சமயம் பார்த்து, மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அந்த எட்டாவதுதான் வம்பு செய்கிறது என்று எனக்குச் சந்தேகம். எழுத்து, எழுத்து என்று கேட்டால் எழுத்தே தெரியாதவள் எங்கே போவாள்?

"படிக்கலன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றாள்.

"உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "வேணாம்" என்றாள் மறுபடியும். எதை வேண்டாம் என்றாள் என்று கேட்கத் தெரியாமல் எழுந்து வந்தேன். இரண்டும்தான் வேண்டாம், எனக்குத் தெரியாதா என்ன.

அடுத்த வாரம் அதே அறை, அதே மேஜை. பயிற்சி அம்மா அட்டைகளை எடுத்தார். நான் மனைவியைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது.

"அம்மா, ஒரு நிமிஷம். அவ எட்டாவது படிக்கல. பள்ளிக்கூடமே போனதில்ல. எழுதப் படிக்கத் தெரியாது."

சட்டை நுனியில் இருந்த கை விலகிக்கொண்டது. மகள் என்னை முறைத்தாள். என்னப்பா உளறுகிறீர்கள், எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்ததே அம்மாதானே என்றாள். நான் தப்பாகப் படித்த இடமெல்லாம் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்றாள்.

"நீ தப்பா வாசிக்கிற இடத்துல உன் குரல் தடுமாறும்மா. தடுமாறினா அவளுக்குத் தெரியும். பாடம் தெரியாது, உன்னைத் தெரியும்."

மகள் அம்மா பக்கம் திரும்பினாள். அம்மா மேஜையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிறுமையை நான் பார்த்ததில்லை. அதை அங்கே கொண்டுவந்து வைத்தவன் நான்.

பயிற்சி அம்மா அட்டைகளையெல்லாம் எடுத்து இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். நல்லவேளை சொன்னீர்கள் என்றார். என் மனைவியின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளிடமே பேசினார். வார்த்தையை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பார்ப்பது பள்ளிக்கூடம் பழக்கிவிடுகிற விஷயமாம். அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு வார்த்தை முழுசாகத்தான் இருக்கும், அர்த்தத்தோடுதான் வரும். அர்த்தமில்லாத சத்தத்தைக் கொடுத்தால் அர்த்தமுள்ளதாக மாற்றித்தான் திருப்பித் தருவார்களாம். கோட்டுப் படமும் அப்படித்தான், பார்த்துப் பழகியிருக்க வேண்டுமாம். "போன வாரம் நான் சோதிச்சது உங்க பேச்சை இல்லம்மா, நீங்க போகாத பள்ளிக்கூடத்தை" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சட்டை போட்டுக்கொண்டு போகிறவனுக்கு அது ஒரே சட்டை. பிரித்துத் தைக்கிறவன் கண்ணுக்குத்தான் காலர், கை, முதுகு என்று துண்டு துண்டாகத் தெரியும். இதை அந்த அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். மகளின் கை முழங்கையைத் தொட்டதும் நிறுத்திக்கொண்டேன்.

இந்த முறை எழுத்து இல்லை. உங்கள் கடைக்கு யார் யார் வருவார்கள், சொல்லுங்கள் என்றார் அந்த அம்மா. என் மனைவியின் உதடு அசைந்தது.

"அவசரம்" என்றாள்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. அவசரமில்லை, மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். "ரெண்டு விரல்" என்றாள் அடுத்து. மகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "மாப்பிள்ளை" என்று மூன்றாவது வந்ததும், இதெல்லாம் ஆட்கள்தான் என்று மகளே விளக்கினாள். எனக்குத் தெரியாத இரண்டு பெயர்கூட வந்தன. ஒருத்தருக்கு 'உப்புமூட்டை' என்று பெயர் வைத்திருந்தாள் போல, யார் அது என்று எனக்கு இன்னும் தெரியாது.

அப்புறம் பயிற்சி அம்மா இழுப்பறையிலிருந்து நிஜச் சாமான்களை எடுத்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார். என் மனைவி கையில் எடுத்துப் பார்த்தாள். பூட்டு. சீப்பு. கரண்டி. தயங்கித் தயங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. கடைசியாக ஒரு கத்திரியை எடுத்து வைத்தார். காகிதம் வெட்டுகிற சின்னக் கத்திரி, சிவப்புப் பிடி.

அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. உதடு இறுகியது. சுவரைப் பார்த்தாள்.

"இது என்னம்மா? தினமும் பார்க்கிறதுதானே?"

அந்த அம்மா காத்திருந்தார். பேனா காகிதத்தின் பக்கம் போவதைப் பார்த்தேன், என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது வந்து அம்மா, எழுதிடாதீங்க, அவளுக்குத் தெரியும், அதுல என்னன்னா..."

"கத்திரி."

திரும்பினேன். அவள் மேஜைமேல் இருந்ததைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முறைத்துக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கினீர்களே, இப்போதும் வாயை மூட மாட்டீர்களா என்கிற முறைப்பு. 'த்' மேல் அதே அழுத்தம்.

"ரொம்பச் சரி" என்றார் பயிற்சி அம்மா. சந்தோஷமாக எழுதிக்கொண்டார். "கத்திரி. கொஞ்சம் நேரமெடுத்தாலும் வந்துடுச்சு பாருங்க."

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. பூட்டு சொன்னபோதெல்லாம் பேசாமல் இருந்துவிட்டு ஒரு கத்திரிக்கு இந்த அழுகையா என்று கேட்டாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு ரகசியத்தை உடைத்தாகிவிட்டது. இதுவாவது எங்களுக்குள் இருக்கட்டும்.

சொல்வது நன்றாகப் புரிகிறது, வார்த்தைகள் உள்ளே இருக்கின்றன, பழகிய இடத்தில் பழகிய ஆட்களோடு இருப்பது நல்லது என்று எழுதிக் கொடுத்தார் அந்த அம்மா. எல்லாம் திரும்பிவிடுமா என்று நான் கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் வரும், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி என்னோடு பேசவில்லை. பேச்சே இல்லாதவள் பேசாமல் இருப்பது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தெரியும். தட்டு வைக்கிற சத்தத்தில் தெரியும்.

மகள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், அம்மா காலடியில் உட்கார்ந்து பேப்பரை விரித்துச் சத்தமாகப் படித்தாள். வேண்டுமென்றே ஓரிடத்தில் தப்பாகப் படித்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நடிப்பு அவளிடம் பலிக்குமா? மகள் மேலே படித்துக்கொண்டு போனாள். ஏதோ ஒரு சாதாரணச் செய்திதான், என்ன நினைத்தாளோ, நடுவில் அவள் குரல் உடைந்துவிட்டது.

"திரும்ப" என்றாள் அம்மா.

மகள் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது அவள் மறுபடியும் மேஜைக்கு அந்தப் பக்கம், அவளுடைய நாற்காலியில். பட்டன் வைக்கிறாள். கோபம் போய்விட்டது, எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. பேச்சு சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது. காலையில் இரண்டு வார்த்தை, சாயங்காலம் ஒன்று. நிறையத் தேறிவிட்டதாக வருகிறவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் கேட்டது கொஞ்சம். அதனால் கொஞ்சம் வந்தாலே அவர்களுக்குப் போதும். நான் முழுசும் கேட்டவன். எனக்கு அந்தப் பழைய ஓயாத வாய் வேண்டும். மெஷின் சத்தம் காதில் விழாத அளவுக்கு வேண்டும். அது வராது என்று அறிவுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை.

அதனால் நான் ஒரு காரியம் செய்கிறேன். வருகிறவர்களை வாயைத் திறக்கவிடாமல் குறுக்கே பேசுகிறேன். ரெண்டு விரல் அன்றைக்குச் சலித்துக்கொண்டே போனார், முன்னெல்லாம் பாதியாவது சொல்ல விடுவீர்கள், இப்போது அதுவும் இல்லை என்று. அவர் படி இறங்கியதும் அவள் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். சில நாள் தலையைத் தூக்கமாட்டாள். சில நாள் சொல்வாள். சொல்கிற நாளில் எனக்குச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாக இறங்கும்.

இன்று மத்தியானம் கடையில் யாரும் இல்லை. அவசரம் போன வருஷம் கொடுத்த சட்டை ஒன்று இன்னும் அலமாரியில் கிடக்கிறது. அதை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி அதைப் பார்த்தாள். ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு மெல்ல வந்தது. அந்தச் சிரிப்பை நான் முன்பு பார்த்திருக்கிறேன்.

"அவ..." என்றாள். வாய் தேடியது. "அவ என்ன... சொன்னான்னா..."

அங்கே நின்றுவிட்டது. அன்றைக்கு நின்ற அதே இடம்.

நாக்கு துறுதுறுவென்று வருகிறது எனக்கு. குறுக்கே ஒரு வார்த்தை விட்டால் போதும், என் பெயர் நிச்சயம் கிடைக்கும். விடாமல் இருந்தால் கதை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவள் உதடு அசைகிறது, அடுத்த வார்த்தை வருவதாகத் தெரியவில்லை. நான் சட்டையைக் கீழே வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.